எட்டு கோரா, இருபது கோரா?

கேம் ஆட மட்டும்னா பேச்சே இல்லை மக்களே, ரைசன் 7 7800எக்ஸ்3டி தான். எட்டே கோர், ஆனா 96 எம்பி எல்3 கேஷ். கேம் அடிக்கடி கேட்கும் தரவு பக்கத்துலயே இருக்கும், ராம் வரைக்கும் ஓட வேண்டாம்.

வீடியோ ரெண்டர், பெரிய கம்பைல்னு வந்தா இன்டெல் ஐ7-14700கே முந்தும், இருபது கோராச்சே! முழு மூச்சுல ஓடினா 253 வாட் வரை இழுக்கும். (குளிர்காலத்துல ஹீட்டர் செலவு மிச்சம் :-))

2023-இல் வந்தப்போ இன்டெல் 409 டாலர், ரைசன் 449. நாப்பது டாலர் லாபமா? 2024-இல் வந்த கோர் அல்ட்ராவுக்கு மாறணும்னா போர்டையே மாத்தணும். ரைசன் போர்டுல பயாஸ் புதுப்பிச்சா 9800எக்ஸ்3டி அப்படியே உட்காரும். என் ஓட்டு அதுக்குத்தான்.

நடுத்தர கிராபிக்ஸ் கார்டு வச்சிருக்கும் மாணவர்களுக்கு இந்தச் சண்டையே வேண்டாம். பெரும்பாலான கேம்ல கார்டு தான் முதல்ல மூச்சு வாங்கும். அதே போர்டுல ஆறு கோர் 7600 போட்டு, மிச்சக் காசை கார்டுல போடுங்க.