இரண்டு சாவிகள்

திண்டுக்கல் என்றால் பூட்டு, பூட்டு என்றால் சாவி. இது நம் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த ஊரில் நின்றுகொண்டு "எல்லாம் சாவி" என்று சொல்லிப் பாருங்கள். நாகல் நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருப்பவர் காதில் விழுந்தால், "எந்தப் பூட்டுக்கு?" என்பார். நிலக்கோட்டைப் பக்கத்து விவசாயி காதில் விழுந்தால், "அடடா! எத்தனை ஏக்கர்?" என்று பதறிப் போவார்.

பட்டறைக்காரரின் சாவி அந்நியச் சரக்கு. 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்து சேர்ந்தாரே, அதற்குப் பிறகு போர்த்துகீசியர் விட்டுப் போன சொற்கள் நம் வீடு பூராவும் நிறைந்திருக்கின்றன. ஜன்னலும் அலமாரியும் மேஜையும் அவர்கள் பாஷைதான். அவர்களுடைய 'சாவே' நமக்கும் மராட்டியருக்கும் சாவி ஆயிற்று. ஹிந்திக்காரருக்கும் வங்காளிக்கும் சாபி ஆயிற்று.

அந்தச் 'சாவே'க்குத் தாய் லத்தீன் பாஷையின் 'கிளாவிஸ்'. இந்தத் தாய்க்கு இன்னும் பல பிள்ளைகள். புதிய போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கக் கார்டினல்கள் கூடுவதைக் 'கான்கிளேவ்' என்கிறார்கள் அல்லவா? சாவி போட்டுப் பூட்டிய அறை என்று அதற்குப் பொருள். கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் எலும்புக்கு டாக்டர்கள் 'கிளாவிக்கிள்' என்று பெயர் சொல்வார்கள். அப்படியென்றால் சின்னச் சாவி. நம்மவர்களோ அதைக் காறை எலும்பு என்றார்கள். காறை என்பது கழுத்தில் அணியும் நகை. ஓர் எலும்பைப் பார்த்ததும் சாவியை நினைத்தவர்களைவிட, நகையை நினைத்தவர்களைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்களும் என் கட்சியில்தான் இருப்பீர்கள்!

சாவி வருவதற்கு முன்னால் நாம் என்ன சொன்னோம்? திறவுகோல் என்றோம். மலையாளிகள் இன்றைக்கும் தாக்கோல் என்கிறார்கள். கன்னடத்தில் அது பூட்டின் 'கை'; தெலுங்கிலோ பூட்டின் 'செவி'. யாழ்ப்பாணத்துக்குப் போனால் 'திறப்பு' என்று கேட்டு வாங்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தைப் போர்த்துகீசியர் ஆண்டார்கள். நாற்காலிக்குக் 'கதிரை'யும், செருப்புக்குச் 'சப்பாத்'தும் அவர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. இவ்வளவையும் வாங்கிக்கொண்ட யாழ்ப்பாணத்தார் சாவியை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

இங்கிலாந்தில் உள்ள ரோமா என்னும் நாடோடி மக்களிடையே சாவி என்றால் சிறுபெண். அவர்களுடைய மூதாதையர் நம் தேசத்திலிருந்து போனவர்கள். கதை படிக்கும் நமக்கு இன்னொரு சாவியும் உண்டு. சா. விசுவநாதன் என்ற பெயரின் தலையெழுத்துக்களைச் சேர்த்துச் சாவியாகி, 'வாஷிங்டனில் திருமணம்' நடத்தி நம்மைச் சிரிக்க வைத்தவர்.

இருக்கட்டும், திண்டுக்கல்லுக்குத் திரும்புவோம். அங்கே மாங்காய் வடிவில் செய்யும் மாங்காய்ப் பூட்டு பிரசித்தம். பட்டறையில் அரத்தால் ராவி ராவிச் சாவியைப் பூட்டுக்கு இணங்க வைப்பார்கள். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊர் எல்லையைத் தாண்டி வயல் வெளிக்கு வந்துவிட்டால் அந்தச் சாவிக்கு வேலை இல்லை. அங்கே இருப்பது நம் சொந்தச் சாவி. 'சா' என்ற வினையிலிருந்து பிறந்தது. சாவு என்ற சொல்லுக்கு உடன்பிறப்பு.

நெல் பூக்கும் சமயத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முற்பகலில் ஒவ்வொரு பூவும் ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் வெயில் 35 டிகிரிக்கு மேல் கொளுத்தினால் மகரந்தம் கருகிவிடும். தப்பிப் பிழைத்த கதிரிலும் பால் பிடிக்கிற நாட்களில் தண்ணீர் இல்லையென்றால் மணி முற்றாது. நல்ல கதிர் பாரம் தாங்காமல் தலை குனியும். சாவியான கதிர் வெளுத்துப் போய் நிமிர்ந்து நிற்கும். வரப்பில் நின்று பார்த்தவுடனே விவசாயிக்குத் தெரிந்துவிடும். தூற்றும்போது முறத்திலிருந்து பறக்கும் பதர் எல்லா வருஷமும் உண்டு. அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. சாவி அப்படியல்ல. வயலே போய்விட்டது என்று அர்த்தம். மழையை நம்பிய சோளத்துக்கும் கம்புக்கும் இதே கதிதான்.

ஆகவே பட்டணத்தில் பிறந்து கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்களுக்கு ஒரு வார்த்தை. "மேலக்காடு முழுக்கச் சாவி, தாயி" என்று மாமியார் டெலிபோனில் சொன்னால், "எந்த அறைச் சாவி, அத்தை?" என்று கேட்டு வைக்காதீர்கள். உழவுக் கூலி, விதை, உரம், நடவுக் கூலி எல்லாம் மண்ணோடு போயிற்று என்பதைத்தான் அவர் ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து மற்றச் சாவியை எடுப்பாள். டிரங்குப் பெட்டி திறக்கும். இரண்டு வளையல்கள் காகிதத்தில் சுற்றி அடகுக் கடைக்குப் போகும். வயலில் நிற்பதை மறுநாள் மாட்டுக்கு அறுத்துப் போடுவார்கள்.