வளைவை அளந்து வண்டி வாங்குங்கள்



வீட்டில் மாதிரி ரயில் ஓட்டுவது சிறுபிள்ளை விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் வீட்டுக் கூடத்தில் எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்று வந்து இடம் பிடித்த பிறகுதான், அதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது, எவ்வளவு மனத்தாங்கலுக்கும் இடமிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ பெரிய நீராவி இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுக்க எண்ணுகிறவர்களுக்கு என் அனுபவம் உதவட்டும்.

என் தகப்பனாருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. இளவயதில் நீராவி ரயிலில் பயர்மேனாக வேலை பார்த்தவர். பிறையிலிருந்து பாரிட் புந்தார், தைப்பிங், ஈப்போ என்று அவர் கண் விழித்த இரவுகளுக்குக் கணக்கில்லை. அவர் வேலை பார்த்தது ‘56’ வகை இயந்திரங்களில். கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி 1938 முதல் 1946 வரை மலாயாவுக்காகச் செய்த 66 இயந்திரங்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப் பெயர் வைத்திருந்தார்கள். தகப்பனார் காலத்தில் அவை எண்ணெய் எரித்து ஓடின. இன்று எங்கள் ஊர் நிலையத்தில் மின்சார ரயில் வந்து நிற்கிறது. அவருக்கோ அந்தப் பழைய கூவல்தான் இன்னும் காதில்.

படிவம் ஒன்றில் படிக்கும் என் மகனும் அவரும் சேர்ந்துதான் பலகையில் தண்டவாளம் பதித்தார்கள். “தாத்தா ஓட்டினது பெரிய வண்டி. நாமும் பெரிய வண்டிதான் வாங்கணும்” என்றான் பையன். தகப்பனார் தம் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். வந்து இறங்கியது அமெரிக்காவின் ‘பிக் பாய்’. 1941 முதல் 1944 வரை யூனியன் பசிபிக் ரயில்வேக்காக 25 மட்டுமே செய்யப்பட்ட மலை ஏறும் இயந்திரம். அவற்றுள் 4014 எண் கொண்டது 2019இல் பழுது பார்க்கப்பட்டு மறுபடியும் ஓடத் தொடங்கியது. உலகின் மிகப் பெரிய நீராவி இயந்திரங்களில் ஒன்று என்றால் எந்தப் பையனுக்குத்தான் ஆசை வராது?

மூன்றாம் சுற்றில் வளைவில் தடம் புரண்டு தரையில் விழுந்தது. முன்படி ஒடிந்து போயிற்று. தான் வேகமாக ஓட்டியதால்தான் என்று பையன் அழுதான். தகப்பனாரோ, “கை நடுங்குதும்மா. ரயிலைக் கோணலாப் பதிச்சிட்டேன் போல” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனவர், ஒரு வாரம் பலகைப் பக்கமே வரவில்லை. வண்டி விழுந்ததைவிட அதுதான் என்னை வருத்தியது.

கணக்கு நடத்தும் ஆசிரியை அல்லவா? அளவுகோலை எடுத்தேன். எங்கள் வளைவின் ஆரம் 18 அங்குலம். பெட்டிக்குள் இருந்த தாளில், 22 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருந்தது. தாத்தாவின் கையும் குற்றமில்லை, பேரனின் வேகமும் குற்றமில்லை. வாங்குமுன் எங்களில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

வளைவைப் பெரிதாக்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். 22 அங்குல ஆரம் என்றால் வட்டத்தின் குறுக்களவு 44 அங்குலம். நம் பலகையின் அகலம் 48. இரு பக்கமும் மிஞ்சுவது இரண்டிரண்டு அங்குலம்தான். ‘பிக் பாய்’ உண்மையில் ஏறத்தாழ 40 மீட்டர் நீளம். அதை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 46 சென்டிமீட்டருக்கு மேல் வரும். திரும்பும்போது அதன் உடல் தண்டவாளத்துக்கு வெளியே நீட்டிக்கொள்ளும். பலகை ஓரத்தில் ஓடும் அப்படிப்பட்ட வண்டி விழுந்தால் நேரே தரைதான்.

ஆகவே, வாங்குமுன் நான்கு காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, இடத்தை அளந்து, அதில் அடங்கும் வளைவைத் தீர்மானியுங்கள். அந்த வளைவில் திரும்பும் வண்டிகளுக்குள் பெரியது எதுவோ, அதுவே உங்களுக்குப் பெரிய வண்டி.

இரண்டாவது, சக்கர எண்ணைப் பாருங்கள். ‘பிக் பாய்’ 4-8-8-4. முன்னே நாலு சிறு சக்கரம், நடுவே எட்டெட்டாக இழுக்கும் சக்கரங்கள், பின்னே நாலு. நம் ‘56’ வகையோ 4-6-2. இழுக்கும் சக்கரங்கள் ஒரே சட்டத்தில் அதிகமாக வரிசை பிடித்தால் வளைவும் அகலமாக வேண்டும்.

மூன்றாவது, அளவுக்குறி. 87இல் ஒரு பங்கு அளவுள்ள அமெரிக்க வண்டியும், 76இல் ஒரு பங்கு அளவுள்ள ஆங்கில வண்டியும் 16.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள ஒரே தண்டவாளத்தில் ஓடும். ஆனால் பெட்டிகளை இணைக்கும் கொக்கி வேறு வேறு. கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, பெட்டியைத் திறந்ததும் தாளைப் படியுங்கள். இணையத்தில் வாங்குவதானால் பணம் கட்டுமுன்பே குறைந்தபட்ச வளைவு எவ்வளவு என்று விற்பவரிடம் கேளுங்கள். பழைய வண்டியானால் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

படி ஒடிந்த வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டோம். பதிலுக்கு ‘பிளையிங் ஸ்காட்ஸ்மன்’ மாதிரி ஒன்று வாங்கினோம். 1923இல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் செய்த இயந்திரம் அது. மாதிரியின் நீளம் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர்தான். 438 மில்லிமீட்டர் ஆரம் போதும் என்று போட்டிருந்தது. எங்களுடையது 457. இந்த முறை மூவரும் சேர்ந்து படித்த பிறகுதான் பணம் கட்டினோம்.

அதைக் கையில் வாங்கிய தகப்பனார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சக்கரங்களை எண்ணினார். “நாலு, ஆறு, ரெண்டு. மூணு சிலிண்டர் வண்டிதானே இது? நம்ம வண்டிக்குச் சொந்தம்தான். ரயில்தான் அகலம். நம்மளது ஒரு மீட்டர்” என்றார். பையன் உடனே காகிதம் எடுத்து, ஒரு மீட்டரை 87ஆல் வகுத்தால் எவ்வளவு என்று பார்த்தான். பதினொன்றரை மில்லிமீட்டர் வந்தது. நம் நாட்டு வண்டிக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும் என்று இருவரும் இப்போது ஒரு பட்டியல் போடுகிறார்கள். ‘56’ வகையை அட்டையிலும் மரத்திலும் தாங்களே செய்யப் போகிறார்களாம்.

சீட்டுப் பணத்தில் பாதி நட்டந்தான். ஆனால் மாலையானால் அறைக் கதவு திறந்துவிடுகிறது. வேகத்தைக் குறைக்கச் சொல்லித் தாத்தா அதட்டுகிறார், பேரன் குறைக்கிறான்.

உங்கள் வீட்டுக் கூடத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள். பிறகு கடைக்குப் போங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.