காப்பி அடிங்க, ஆனா புரிஞ்சு அடிங்க

இந்தத் தடவை கோல்ஃப்ல இருந்து ஆரம்பிக்கிறேன். நம்ம ஹாஸ்டல்ல கோல்ஃப் ஆடத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க, அது தெரியும். ஆனா அந்தப் பந்தையும் கோலையும் செய்யறவங்க கதை, இந்த வருஷம் ரிவியூவுக்கு நிக்கப்போற நம்ம எல்லாருக்கும் பொருந்தும்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவுல, மலாயாப் பக்கத்து மரங்களின் பாலில் இருந்து கிடைக்கிற கட்டாபெர்ச்சாவை உருட்டிப் பந்து செய்ய ஆரம்பிச்சாங்க. புதுப் பந்து வழவழன்னு அழகா இருந்தது, ஆனா சரியாப் பறக்கலை. அடி வாங்கிக் கீறல் விழுந்த பழைய பந்துதான் நல்லாப் பறந்தது. உடனே செய்யறவங்க புதுப் பந்தையே சுத்தியலால தட்டித் தழும்பு போட்டு விக்க ஆரம்பிச்சாங்க. ஏன் பறக்குதுன்னு யாருக்கும் தெரியாது. ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் கோடு போட்டார், புடைப்பு வெச்சார். கடைசியில 1905-இல் இங்கிலாந்துக்காரர் வில்லியம் டெய்லர் குழி வைக்கிற முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சார். நாம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்ச பவுண்டரி லேயர் கருத்தைப் பிராண்டல் முன்வெச்சது 1904-இல். சொரசொரப்பு காற்றோட்டத்தைக் கொந்தளிக்க வைக்குது, அதனால காற்று பந்தை விட்டுப் பிரியறது தள்ளிப்போகுது, பின்னிழுப்பு குறையுது. இந்த விளக்கம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே தழும்பு வந்துடுச்சு.

அடுத்த ஆள் கார்ஸ்டன் சோல்ஹெய்ம். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த எஞ்சினியர். பந்தைக் குழிக்குள்ள மெல்லத் தட்டி விடுற கோலுக்குப் பட்டர்னு பேர் (வெண்ணெய் இல்லை!). அது நடுவுல படாம ஓரத்துல பட்டா முறுக்கிக்கும், பந்து திசை மாறிடும். அவர் எடையை நடுவுல இருந்து எடுத்து ரெண்டு ஓரத்துக்கும் தள்ளினார். மொமென்ட் ஆஃப் இனர்ஷியா கூடுச்சு, முறுக்கு குறைஞ்சது. 1966-இல் வந்த அந்தக் கோலுக்கு ‘ஆன்சர்’னு பேர் வெச்சாங்க. கோல்ல இடம் பத்தாததால ஆங்கில எழுத்துகளில் ஒண்ணை விட்டுடலாம்னு யோசனை சொன்னது அவர் மனைவி லூயிஸ். அப்புறம் அந்த வடிவத்தைக் காப்பி அடிக்காத கம்பெனியைத் தேடித்தான் பிடிக்கணும். ஆனா சோல்ஹெய்ம் அதோட நிக்கலை, அதே கொள்கையை இரும்புக் கோல்களுக்கும் கொண்டு போனார். வடிவத்தை மட்டும் எடுத்தவங்க கையில ஒரு பட்டர் இருந்தது. அவர் கையில அடுத்த பத்துப் பொருளுக்கான கணக்கு இருந்தது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். மலையை விட்டு இறங்கினா சேலம், சேலம்னா ஜவ்வரிசி. அந்தப் பேரே ‘ஜாவா அரிசி’ங்கறதுல இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. அசல் சேகோ தென்கிழக்கு ஆசியாவில் ஒரு வகைப் பனை மரத்தின் சோற்றில் இருந்து எடுக்கிறது. நம்மது மரவள்ளிக் கிழங்குல, அதாவது நம்ம குச்சிக்கிழங்குல இருந்து வர்றது. அப்படிப் பார்த்தா சேலத்து ஜவ்வரிசியே ஒரு காப்பிதான்.

இரண்டாம் உலகப் போர்ல கப்பல் வரத்து நின்னு போச்சு. 1943-இல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்குல இருந்து வந்த, இந்தத் தொழில் தெரிஞ்ச போபட்லால் ஷாவும் சேர்ந்து இங்கேயே ஜவ்வரிசி செய்ய ஆரம்பிச்சாங்க. கிழங்கைக் கழுவி அரைச்சு, பாலை வடிகட்டித் தெளிய விட்டு, மாவை உருட்டி, சலிச்சு, வறுத்து, காய வைக்கணும். எல்லாமே பழைய கை முறை, ஒரு நாளைக்கு 100 கிலோ மூட்டை ரெண்டுதான் வந்தது. அப்ப உள்ள வந்தவர் வெங்கடாசல கவுண்டர்ங்கற சேலத்து மெக்கானிக். அவர் கருவிகளையும் செய்முறையையும் மேம்படுத்தினதுல, அதே வருஷம் 2 மூட்டை 25 மூட்டை ஆச்சு. நான் மறுபடி மறுபடி நினைச்சுப் பார்க்கிற இடம் இதுதான். பொருள் காப்பி. அதை இந்தக் கிழங்குக்கும், இந்த ஊர்ப் பட்டறைக்கும், இந்த வெயிலுக்கும் பொருந்தற மாதிரி மாத்தின வேலை அசல். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. ஜாவா பேரைச் சுமந்த பொருளுக்கு இன்னைக்குச் சேலம்தான் முகவரி.

அதே தொழில்ல இன்னொரு வகைக் காப்பியும் இருக்கு. மரவள்ளி மாவுல மலிவான மக்காச்சோள மாவைக் கலக்கறாங்க, பளபளன்னு வெள்ளையாத் தெரிய ரசாயனம் போடறாங்கன்னு பல வருஷமா புகாரும் சோதனையும் நடந்துக்கிட்டே இருக்கு. பார்க்க ஜவ்வரிசி மாதிரியே இருக்கும். அடி விழறது கிழங்கு போட்ட விவசாயிக்கு, அப்புறம் ஒழுங்கா அரைக்கிற ஆலைக்காரருக்கு. தோற்றத்தை மட்டும் காப்பி அடிக்கறதுக்கு விலை உண்டு. அந்த விலையைக் கட்டறது பெரும்பாலும் வேற யாரோ.

சரி, நம்ம கதை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கறது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். ப்ராஜெக்ட் சென்டர்ல தலைப்பு, கிட், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ஒரே பேக்கேஜ். வைவாவுக்கு முந்தின நாள் ராத்திரி அந்தக் கிட் எப்படி ஓடுதுன்னு நமக்கே க்ளாஸ் எடுப்பாங்க. இதுல ஒழுக்கப் பாடம் நடத்த நான் வரலை. காசு கொடுத்தும் நமக்கு என்ன கிடைக்குதுன்னுதான் கேட்கிறேன். தழும்பு கிடைக்குது, பறக்கற காரணம் கிடைக்கலை.

ஒரு உதாரணம் பாருங்க. சோலார் ட்ரையர் எல்லா சென்டர் லிஸ்ட்லயும் இருக்கற தலைப்பு. அதையே எடுத்துக்கோங்க, தப்பே இல்லை. ஆனா அதைத் தூக்கிக்கிட்டு ஏற்காட்டு மலையில கரடியூர் வரைக்கும் போங்க. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். காபிப் பழம் பறிக்கிற சமயமும் வடகிழக்குப் பருவமழையும் ஒண்ணோட ஒண்ணு முட்டும். பழத்தோல் நீக்கின கொட்டையைக் களத்துல பரப்பினா, மதியம் பனிமூட்டம் இறங்கிடும். காயாத கொட்டையில பூஞ்சை பிடிக்கும், விலை போயிடும். சமவெளி வெயிலுக்குப் போட்ட டிசைன் அங்க என்ன ஆகும்? ஈரப்பதம் எவ்வளவு? காற்றை எந்தப் பக்கம் இழுக்கணும்? ராத்திரி கொட்டை திரும்ப ஈரம் இழுக்காம எப்படி மூடி வைக்கறது? நாலு நாள் அங்க உட்கார்ந்து அளந்து, ரெண்டு பாகத்தை மாத்தினாப் போதும். அந்த ட்ரையர் உங்களோடது. வைவாவுல எந்தக் கேள்வி வந்தாலும் பதில் இருக்கும். அதைவிட முக்கியம், ஒரு சின்னத் தோட்டக்காரருக்கு ஒரு மூட்டையாவது தப்பிக்கும்.

“அப்ப எல்லாரும் புதுசாக் கண்டுபிடிக்கணுமா? நாலு மாசத்துல நடக்கற காரியமா?”ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. யாரும் ஒண்ணுமில்லாததுல இருந்து எதையும் செய்யலை. சோல்ஹெய்முக்கு முன்னாடியும் பட்டர் இருந்தது, வெங்கடாசல கவுண்டருக்கு முன்னாடியும் ஜவ்வரிசி இருந்தது. காப்புரிமை முறையே இந்த நினைப்புலதான் நிக்குது. இந்தியாவில் 20 வருஷம் உரிமை கொடுக்கறாங்க, பதிலுக்கு எப்படிச் செஞ்சேன்னு ஊரறிய எழுதி வெக்கச் சொல்றாங்க. அந்த ஆவணத்தை யார் வேணும்னாலும் படிக்கலாம். படிச்சு, பிரிச்சுப் பார்த்து, எங்கிருந்து எடுத்தோம்னு ரிப்போர்ட்ல எழுதிட்டு, நம்ம பங்கை அதுமேல வெக்கறது திருட்டு ஆகாது. அது படிப்பு.

அதனால முதல் ரிவியூவுக்கு முன்னாடி மூணு கேள்வியை உங்ககிட்டயே கேட்டுக்கோங்க. இது ஏன் வேலை செய்யுதுன்னு படம் போடாம என்னால சொல்ல முடியுமா? இதுல ஒரு பாகத்தை மாத்தினா என்ன ஆகும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா? இதை யார் எந்த ஊர்ல பயன்படுத்தப் போறாங்க? மூணுக்கும் பதில் இருந்தா, தலைப்பு எத்தனை பேர் செஞ்ச பழசா இருந்தாலும் பரவாயில்லை, தைரியமாப் போய் நில்லுங்க. ஒண்ணுக்கும் பதில் இல்லைன்னா, சென்டர்க்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் காசுல மலைக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுங்க.