தொடர்மாடி வீட்டில் நீர்க்கசிவு: காப்புறுதி எதற்குக் கைகொடுக்கும்?



எங்கள் புத்தூர்ப் பக்கத்தில் கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவோம்; தண்ணீர்த் தாங்கி வெடித்தால் மேசனைக் கூப்பிடுவோம். வளவும் கூரையும் எங்களுடையவை. தொடர்மாடியில் அப்படியல்ல. எங்கள் கூரை, மேலே இருப்பவரின் நிலம்.

யுத்த காலத்தில் ஊரைவிட்டுப் போன பலர் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் குடியேறினார்கள். சிலர் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் காசில் வீடும் வாங்கினார்கள். கணவரை இழந்த சில சகோதரிகளுக்கு இன்று அந்த வீட்டு வாடகைதான் சீவியம். நான் சந்தித்த அப்படியான ஒரு தாயின் வீட்டில், மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து நீர் இறங்கிச் சுவர் ஊறி, பூச்சுக் கொட்டியது. வாடகைக்கு இருந்தவர்களும் எழும்பிவிட்டார்கள். காப்புறுதி இருந்தும் நட்டஈடு கிடைக்கவில்லை. ஈரம் பல மாதங்களாகப் பரவியிருந்தது என்பதே சொல்லப்பட்ட காரணம்.

இந்தக் காரணத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். காப்புறுதி என்பது எதிர்பாராமல், திடீரென நேரும் சேதத்துக்கானது. குழாய் வெடித்தோ தாங்கி நிரம்பி வழிந்தோ சுவரும் தளபாடமும் பழுதானால், அந்த ஆபத்து பத்திரத்தில் சேர்க்கப்பட்டிருந்தால் நட்டஈடு கேட்கலாம். துருப்பிடித்த குழாயிலும், தரை ஓட்டின் கீழும் மெதுவாகக் கசியும் நீர் பராமரிப்புக் குறையாகவே கணிக்கப்படும். வெடித்த குழாயைத் திருத்தும் செலவும் பெரும்பாலும் சேராது. வீடு நெடுநாள் பூட்டிக் கிடந்தால் பல பத்திரங்களில் பாதுகாப்புக் குறையும். வெறும் தீக் காப்புறுதி எடுத்துவிட்டு, நீர்ச் சேதமும் அதில் அடங்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

அடுத்தது, யார் எதைக் காப்புறுதி செய்வது? 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்படி, கட்டடத்தைக் காப்புறுதி செய்வது முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. அந்தப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் அலுமாரி, கட்டில், தொலைக்காட்சி அதில் அடங்கா. அவற்றுக்குத் தனிக் காப்புறுதி வேண்டும். வாடகைக்கு இருப்பவரின் பொருட்களுக்கு அவரே எடுக்க வேண்டும்.

தொகையையும் குறைத்துப் போடாதீர்கள். 10 இலட்சம் ரூபா பெறுமதியான பொருட்களை 5 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்து, 2 இலட்சம் சேதமானால், சராசரி விதி உள்ள பத்திரத்தில் 1 இலட்சம்தான் கணக்கிடப்படும்.

கசிவைக் கண்டால் நாளைக்கென்று விடாதீர்கள். நீர் வால்வைப் பூட்டுங்கள். திகதியோடு படம் எடுங்கள். அன்றே மேல்வீட்டுக்காரருக்கும், கூட்டுத்தாபனத்துக்கும், காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்துப் பிரதியை வைத்திருங்கள். மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை நனைந்த பொருட்களை வீசாதீர்கள். மேல்வீட்டாரின் கவனக்குறைவே காரணமென்றால் அவரிடமும் இழப்பைக் கோரலாம். யாரும் அசையாவிட்டால் கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகாரசபையில் முறையிடலாம்.

நட்டஈடு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்துக்கே மேன்முறையீடு செய்யுங்கள். பலன் இல்லையேல் காப்புறுதி ஒம்புட்ஸ்மனை நாடலாம்.

யுத்தத்தில் இடிந்த வீட்டுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லையே, இனி எதற்குக் காப்புறுதி என்று கேட்கும் சகோதரிகள் உண்டு. அந்த மனக்கசப்பு நியாயமானதே. யுத்தச் சேதம் பொதுவாக எல்லாப் பத்திரங்களிலும் விலக்கப்பட்ட ஒன்று. ஆகவேதான் எது உண்டு என்பதோடு எது இல்லை என்பதையும் கேட்க வேண்டும். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால், விலக்குகள் உள்ள பக்கத்தைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளங்கிய பின் கையொப்பம் இடுங்கள். கட்டுகின்ற காசு உங்களுடையது; கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.