எடைக்குப் போகும் ஈயம்

பழைய பெட்ரோல் காரை வீட்டுக் கொட்டகையிலேயே மின்காராக மாற்ற முனைகிறவரிடம் ஊர் முழுக்க ஒரே யோசனைதான் சொல்லப்படுகிறது: இன்வெர்ட்டர் பேட்டரி எட்டு வாங்கிப் போடுங்கள், மலிவு, செத்தால் எடைக்குப் போட்டுக்கொள்ளலாம். இந்த யோசனை மலிவானதும் அல்ல, யோசனையும் அல்ல என்பது என் துணிபு. இலக்கியம் பேசுகிற இடத்தில் பேட்டரிக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றே பொறுக்க வேண்டும். மேற்கே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த வளாகத்தை வைத்துக்கொண்டு இன்னமும் பேட்டரியை எடைபோட்டு மட்டுமே மதிப்பிடுகிறோம் என்றால், அது பண்பாட்டுச் செய்தியும்தான்.

கணக்குக்கு வருவோம். மணமேல்குடியிலிருந்து அறந்தாங்கி போய்த் திரும்ப ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மாருதி 800 போன்ற சிறு காருக்குக் கிலோமீட்டருக்கு 100 வாட் மணி என்று வைத்தால் 7 கிலோவாட் மணி வேண்டும். ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் குன்றும்; ஆகவே 14 கிலோவாட் மணிக்கு வாங்க வேண்டும். கிலோவுக்கு 35 வாட் மணி வீதம் அது 400 கிலோ. காரின் எடையே 650 கிலோ அளவுதான்! மனிதர் ஏறுவதற்கு முன்பே காருக்கு மூச்சு வாங்கும்.

இதிலும் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 150 ஆம்பியர் மணி என்பது 20 மணி நேரம் நிதானமாக வடித்தால் கிடைப்பது. மின்விசிறிக்கு அது சரி. காரோ இரண்டு மணி நேரத்துக்குள் உறிஞ்சிவிடுகிறது. அந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்காவது காணாமற்போகும். பியூகெர்ட் என்ற ஜெர்மானியர் 1897லேயே இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். போதாததற்கு வெயில்: 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயக் கலத்தின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. நம் கடற்கரைச் சித்திரையில் அது என்னவாகும்?

ரேவா ஓடவில்லையா என்பார்கள். ஓடியது. 2001இல் பெங்களூரில் வந்த அந்தக் காரில் ஆறு வோல்ட் ஈயக் கலங்கள் எட்டு இருந்தன. ஆனால் கலத்தைச் சுற்றியே கட்டப்பட்ட வண்டி அது. அதற்கே 2009இல் லித்தியம் வடிவம் வந்துவிட்டது.

மறுகோடியில் இன்னொரு சாரார் இருக்கிறார்கள். பழைய மடிக்கணினிக் கலங்களையும் விபத்து வண்டியின் கலங்களையும் வாங்கிச் சேர்த்துப் பற்றவைப்பவர்கள். இவர்கள்மேல்தான் எனக்குக் கூடுதல் கோபம். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் இறந்தார்கள். கொன்றது புகை. அந்தக் கலம் எந்த வகை என்று நான் இங்கே வாதாட வரவில்லை. வயதும் வரலாறும் தெரியாத நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் கலங்களை, குழந்தைகள் தூங்கும் அறைக்குச் சுவரொட்டிய கொட்டகையில் ஏற்றுவது சிக்கனமா என்றே கேட்கிறேன்.

எஞ்சுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருக்கிறது. சூடேறினாலும் எளிதில் வெளியேறி நெருப்புக்குத் துணைபோகாது. எரியவே எரியாது என்பவர் விற்பனையாளர். அவரை நம்ப வேண்டாம். ஆனால் எரிய நெடுநேரம் தயங்கும். 80 விழுக்காடு வடித்தாலும் ஈராயிரம் முறைக்குக் குறையாமல் தாங்கும். அதே 70 கிலோமீட்டருக்கு 9 கிலோவாட் மணி, சுமார் 90 கிலோ போதும். 1997இல் டெக்சாஸில் குட்எனஃப் குழு வெளியிட்ட பொருள் இது. அதற்கு முன்னோடியான ஆய்வை 1980களில் அவரோடு செய்தவர் அமராபுரத்தில் பிறந்து மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019இல் குட்எனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நிகழ்த்தியவரும் அவரே. நம் சிறுபத்திரிகைகளில் எத்தனை பேர் அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதினோம்?

கைக்காசு கூடுதலாகும், மறுக்கவில்லை. ஆனால் ஈயத்தை இரண்டு மூன்று முறை மாற்றும் செலவையும், எடைக்குப் போட்ட ஈயம் அனுமதியற்ற உலைகளில் உருகி எவர் மூச்சில் போகிறது என்பதையும் அந்த மலிவுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. 2018 நவம்பரில் கஜா அடித்தபின் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த கிராமங்கள் இங்குண்டு. தக்க இன்வெர்ட்டர் இருந்தால், 9 கிலோவாட் மணி என்பது ஒரு வீட்டின் விளக்குகளுக்குப் பல நாள் வெளிச்சம்.

இதன் குறைகளும் உண்டு. கலத்தின் மின்னழுத்தம் 3.2 வோல்ட்டை ஒட்டியே நெடுநேரம் அசையாமல் நிற்பதால், எவ்வளவு மிச்சம் என்று வோல்ட் மீட்டர் காட்டாது. ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே கண்காணிக்கும் மேலாண்மைச் சுற்று கட்டாயம். அதைத் தவிர்க்கச் சொல்லும் மெக்கானிக்கை நீங்கள் தவிர்த்துவிடுங்கள். இணைப்புப் பட்டைகளை உப்புக்காற்று அரிக்கும். மூடிய பெட்டி வேண்டும். சட்டப்படி, ஒப்புதல் பெற்ற மாற்றுத் தொகுதியை அங்கீகரிக்கப்பட்டவர் பொருத்தி, பதிவுச் சான்றில் ஏற்றினால்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த வண்டியை ஓட்டலாம். இல்லையேல் விபத்து நாளில் காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இராது.