தொகுத்தவர் யார்?

ரிஷிவந்தியத்தில் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி, ஆண்ட்ராய்டு செயலி உருவாக்கக் கற்க விரும்புகிறாள் எனக் கொள்வோம். அதற்குரிய நிரல்மொழியான கோட்லினின் பெயரைத் தேடுபொறியில் இட்டதுமே காணொளிகளும் பாடங்களும் வந்து குவிகின்றன. அவற்றுள் எதைத் தொடங்குவது என்று சொல்ல அருகில் ஒருவரும் இல்லை.

கோட்லின் இளைய மொழி. ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2011இல் அறிமுகப்படுத்திய இம்மொழியைக் கூகுள் 2017இல் ஆண்ட்ராய்டுக்கு உரியதாக ஏற்று, 2019இல் முதன்மை மொழியாக்கியது. (கோட்லின் என்பது ரஷ்யத் தீவு ஒன்றின் பெயர், ஜாவாவும் தீவே!) 2021இல் ‘ஜெட்பேக் கம்போஸ்’ வந்தபின் செயலியின் திரையை வடிவமைக்கும் முறையே மாறிவிட்டது. எனவே 2018இல் பதிவான பாடத்தை இன்று எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாலும் பிழைச்செய்திகள் தோன்றலாம். பழுது பாடத்தின் வயதில் உள்ளது. அதை அறியாத மாணவியோ, ‘எனக்கு இது வராது’ என்று விலகிவிடுகிறாள். இதனையே நான் பேரிழப்பாகக் கருதுகிறேன்.

தொகுத்தல் நமக்குப் புதிதன்று. குறுந்தொகையைத் தொகுத்தவன் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். பாடியோர் பெயரோடு தொகுத்தோர் பெயரையும் நம் மரபு காத்தது. நான்கடி முதல் எட்டடி வரை என்பது குறுந்தொகையின் அளவு. இணையத்தில் உலவும் பட்டியல்கள் பலவற்றில் தொகுத்தவர் பெயரும் இல்லை, நாளும் இல்லை, தேர்ந்த அளவுகோலும் இல்லை. அவற்றைக் குவியல் என்னலாம், தொகை என்னலாகாது.

‘தானே தேடுவதும் கல்விதானே?’ என வினவுவோர் உளர். தேடல் நன்றே. ஆயினும் விதைநெல்லின் தரம் அறியாதவரிடம், ‘நீயே பொறுக்கிக்கொள்’ என்பது உதவியாகாது.

கோட்லினின் அதிகாரப்பூர்வ இணையதளமே முதற்படி. அங்குள்ள ‘கோட்லின் கோன்ஸ்’ என்னும் சிறுபயிற்சிகளை உலாவியிலேயே செய்து பார்க்கலாம். அடிப்படை இலக்கணத்தைப் பழகத் திறன்பேசியும் போதும். அதன்பின் கூகுள் கட்டணமின்றி வழங்கும் தொடக்கநிலைப் பாடத்திட்டத்தை மேற்கொள்ளலாம். ஆனால், அதற்கு வேண்டிய ‘ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ’வை நிறுவக் குறைந்தது 8 ஜிபி நினைவகமுள்ள கணினி தேவை. பல பட்டியல்கள் இச்செய்தியைச் சொல்வதே இல்லை. கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான். இவ்விரண்டும் ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழில் கணினி நுட்பம் கற்க விரும்புவோர்க்குக் ‘கணியம்’ 2012 முதல் கட்டற்ற கட்டுரைகளையும் மின்னூல்களையும் வழங்கி வருகிறது.

ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் கணினி அறிவியல் ஆசிரியர், முன்னரே பயின்ற மாணவரோடு அமர்ந்து, ஒரு பக்கத்துக்கு மிகாத தமிழ்ப் பட்டியல் ஒன்றைத் தொகுக்க வேண்டும். பத்துக்கு மேல் வேண்டா. ஒவ்வொரு பாடமும் எந்த ஆண்டினது, எக்கருவியில் இயங்கும், எவ்வளவு ஆங்கிலம் வேண்டும் என்பன ஒவ்வொரு வரியில் அமையட்டும். பள்ளி திறக்கும் சூன் மாதந்தோறும் பழையன நீக்கிப் புதியன சேர்த்து, அடியில் நாளும் தொகுத்தோர் பெயரும் பொறித்துக் கணினி ஆய்வகக் கதவில் ஒட்டிவைக்கலாம்.