'கோப்பைக் காணோம்' என்பது ஒரு பதிலா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் எதிர் வீட்டுப் பெண் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். திண்டிவனம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவரின் மகள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தினமும் காலை ரயிலில் விழுப்புரம் போய் அந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் முதல் ஆண்டு படிக்கிறாள்.

"தாத்தா, ஃபைல் இல்லன்னு வருது. எங்க சார்கிட்ட காட்டினேன். ஃபார்மட் பண்ணிட்டு வான்னு சொல்லிட்டாரு. பண்ணிடலாமா?"

அந்த மடிக்கணினி அவளுடையது அல்ல. அரசு இலவசமாகக் கொடுத்தபோது அவள் பெரியப்பா மகளுக்கு வந்தது. அக்கா குரூப் 4 தேர்வுக்குச் சேர்த்த குறிப்புகள், அவளுடைய கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வேறு பிரதி கிடையாது. ஒரு கோப்பைக் காணோம் என்பதற்காக எல்லாக் கோப்புகளையும் கொளுத்தச் சொல்லியிருக்கிறார் அந்த வாத்தியார். இந்தப் பதிலை எதிர்த்துத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். வழக்கம்போல லீசே நாட்களைப் பற்றி எதிர்பார்த்து வந்த நண்பர்கள் மன்னிக்கவும், அதுவும் நடுவில் கொஞ்சம் வரும்.

திரையில் இருந்தது இதுதான்: எஸ்டிடி-ஐஓ டாட் எச் என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை. (வகுப்பில் பாதிப் பேர் இதை 'ஸ்டுடியோ டாட் எச்' என்றுதான் சொல்கிறார்களாம். ஸ்டேண்டர்ட் இன்புட் அவுட்புட் என்பதன் சுருக்கம் என்று யாரும் சொல்லவில்லை.) மென்பொருள், டர்போ சி++. 1990களின் தொடக்கத்தில் வந்தது. அதற்குச் சில ஆண்டு கழித்து, 1998இல்தான் சி++ மொழிக்கே உலகத் தரம் வகுத்தார்கள். இது 16 பிட் காலத்துச் சரக்கு, இன்றைய 64 பிட் விண்டோஸில் நேராக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற ஊன்றுகோலைக் கொடுத்து நடக்க வைக்கிறார்கள். நம் கல்லூரிகள் பலவற்றில் இன்னும் அதுதான் ஓடுகிறது.

நானும் யோக்கியன் இல்லை. முதலில் "வைரஸாக இருக்கும்மா" என்றுதான் சொன்னேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்தேன். 'திறக்க முடியவில்லை' என்றுதானே சொல்கிறது? 'இல்லை' என்று எங்கே சொன்னது? இயந்திரம் அடக்கமாகத்தான் பேசியிருக்கிறது. அதை 'ஃபைல் இல்லை' என்று மொழிபெயர்த்தது மனிதர்கள்.

விசாரித்தால் விஷயம் இவ்வளவுதான். வாத்தியார் பென்டிரைவில் ஒரு ஃபோல்டரைக் கொடுத்திருக்கிறார். சி டிரைவில் இடம் இல்லாததால் இவள் அதை டி டிரைவில் ஒட்டியிருக்கிறாள். ஆனால் அந்த மென்பொருளுக்கு உள்ளே ஒரு குறிப்பு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது: துணைக் கோப்புகள் வேண்டுமானால் சி டிரைவில் இன்க்ளூட் என்ற அறையில் பார். அது விசுவாசமாக சி டிரைவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருகிறது. கோப்போ டி டிரைவில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. ஆப்ஷன்ஸ் மெனுவில் டைரக்டரீஸ் என்ற இடத்துக்குப் போய் சி என்ற எழுத்தை டி என்று மாற்றினோம். ஒரே எழுத்து.

உடனே இன்னொரு பிழை. இந்தத் தடவை கம்பைல் ஆகிவிட்டது, லிங்க் செய்யும்போது சி0எஸ் டாட் ஓபிஜே என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது. பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. "பாத்தீங்களா தாத்தா, எனக்கு வராது." அடுத்த வரியைப் பார்க்கச் சொன்னேன். லைப்ரரி டைரக்டரீஸ் என்று ஒன்று, அதிலும் சி. அதையும் மாற்றினாள். ஓடியது. மொத்தம் இரண்டு எழுத்து, அதற்கு ஃபார்மட்.

'எனக்கு வராது' என்று அவள் சொன்னாளே, அதுதான் என்னை எழுத வைத்தது. மூன்று வாரமாக வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவள் கணினி மட்டும் ஓடாமல் நின்றிருக்கிறது. தன் ஆங்கிலம் போதாது, தான் தமிழ்வழியில் படித்ததுதான் காரணம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கணினியை விட்டுவிட்டு வேறு பாடத்துக்கு மாற்றிக் கொடுப்பார்களா என்று வீட்டில் பேச்சு எழுந்துவிட்டது. நிரலில் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

இனி என் கதை. எனக்கு இந்த விஷயம் ஏன் சுடுகிறது என்றால், 'கோப்பைக் காணோம்' என்று எழுதியே சம்பளம் வாங்கியவன் நான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு வந்து, மொழித் தேர்வு எழுதித்தான் தமிழில் கோப்பு எழுதத் தகுதி பெற்றேன். தன்பதிவேடு, பகிர்மானப் பதிவேடு என்ற சொற்கள் எல்லாம் எனக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அறிமுகம். முடிந்த கோப்புகளுக்கு எங்களிடம் முத்திரைகள் உண்டு: ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டியது, டி.டிஸ். பத்து ஆண்டு, கே.டிஸ். மூன்று ஆண்டு, எல்.டிஸ். ஒரே ஆண்டு. எந்த முத்திரையோ அதற்கேற்ற அலமாரி, அதற்கேற்ற கட்டு. அந்த எண்ணும் முத்திரையும் சரியாகத் தெரிந்தால் பதிவறையில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

30.9.1993 அன்று தென்னாற்காடு மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானது. கடலூரிலிருந்து கட்டுக் கட்டாகப் பழைய கோப்புகள் வந்தன. பழைய எண், பழைய வட்டம், பழைய வரிசை. நான் அப்போது இருந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஒரு வயதான அம்மா, செஞ்சிப் பக்கத்துக் கிராமம், பழைய உத்தரவு ஒன்றின் சான்றிட்ட நகல் கேட்டு வந்தார். எண் கொடுத்தார். புது வரிசையில் அந்த எண்ணைத் தேடினேன், இல்லை. "கோப்பு பதிவறையில் காணப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். நான்கு தடவை பஸ் ஏறி வந்தார், நான்கு தடவையும் அதே பதில். பதினோரு மாதம் கழித்து வேறு எதையோ தேடிய அலுவலக உதவியாளர் அந்தக் கோப்பைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கடலூர் கட்டிலேயே, பழைய எண்ணிலேயே, பிரிக்காமல் இருந்திருக்கிறது. அதற்குள் அந்த அம்மா கொழுந்தனாரோடு மல்லுக்கட்ட முடியாமல் தன் பங்கை வந்த விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை என்று வாதாடலாம், காணப்படவில்லைதான். ஆனால் எங்கே தேடினேன் என்று நான் எழுதவில்லை. 'புதிய வரிசையில் மட்டும் தேடப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்திருந்தால், மேலே இருந்த அதிகாரியாவது 'கடலூர் கட்டைப் பாரய்யா' என்று சொல்லியிருப்பார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. தகவலை மறுக்கக்கூடிய காரணங்கள் அதில் எட்டாவது, ஒன்பதாவது பிரிவுகளில் இருக்கின்றன. 'கோப்பு காணவில்லை' என்பது அவற்றில் இல்லை. 2013இல் தில்லி உயர் நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: காணோம் என்று சொல்லித் தப்ப முடியாது, தேடு, பொறுப்பு யாருடையது என்று பார். அரசு குமாஸ்தாவுக்கே இந்த விதி என்றால், லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பதில் சொல்லும் மென்பொருளுக்கும், அதைக் கற்றுக்கொடுப்பவருக்கும் வேண்டாமா?

இயந்திரத்துக்குத் தான் எங்கே தேடினோம் என்று தெரியும். லினக்ஸில் ஜிசிசி என்ற கம்பைலரிடம் மைனஸ் வி என்று சேர்த்துக் கேட்டால், எந்தெந்த அறைகளில் தேடுகிறேன் என்று வரிசையாக எழுதிக் காட்டுகிறது. கேட்காமல் விட்டால் 'அப்படி ஒரு கோப்போ அறையோ இல்லை' என்று முடித்துக்கொள்கிறது. அலமாரிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லும் குமாஸ்தாவை எனக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே ஒரு சின்ன விலகல். என் முதல் கணினி, ஓய்வு பெற்ற பிறகு, பிரான்சில் இருக்கும் தங்கை மகன் விட்டுப் போனது. விசைப்பலகையே வேறு வரிசை. அது பிரெஞ்சில் 'ஃபிஷியே ஏந்த்ரூவாப்ள்' என்று சொல்லும். கண்டுபிடிக்க இயலாத கோப்பு என்று அர்த்தம். இல்லை என்று அடித்துச் சொல்லாது, தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளும். கம்ப்யூட்டருக்கு 1955லேயே 'ஓர்தினாத்தர்' என்று சொந்தச் சொல் செய்துகொண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். நம் பிள்ளை இன்றும் பிழைச் செய்தியை ஆங்கிலத்தில் படித்து, பயந்து, அதன் பிறகு புரிந்துகொள்கிறது. அல்லது புரிந்துகொள்ளாமலே போகிறது.

சரி, டர்போவை விடுவோம், புதிய கம்பைலருக்குப் போ என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். டெவ் சி++ போட்டாள். கல்லூரிக் குறிப்பில் இருந்த நிரலை அடித்தாள். 'ஐஓஸ்ட்ரீம் டாட் எச் என்று கோப்பு இல்லை' என்றது. இந்தத் தடவை அது சொன்னது உண்மை. 1998 தரத்தில் அந்தப் பெயரிலிருந்து 'டாட் எச்' போய்விட்டது, வெறும் ஐஓஸ்ட்ரீம்தான். பழைய பெயருக்கு வந்த கடிதத்தையும் கொஞ்ச காலம் வாங்கிக்கொண்டிருந்த ஜிசிசி, 2008இல் வந்த 4.3 பதிப்போடு அதை நிறுத்திக்கொண்டது. கல்லூரிக் குறிப்புக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. இதில் வேடிக்கை, நம் அரசு பிளஸ் ஒன் பாடநூல் புதிய முறையில்தான் இருக்கிறது. பிளஸ் டூ நூலில் பைத்தானும், பைத்தான் வழியாக சி++ நிரலை ஓட்டுவதும் உண்டு, மின்ஜிடபிள்யூ பெயர் உட்பட. "ஸ்கூல்ல வேற மாதிரிதான் தாத்தா சொல்லிக் குடுத்தாங்க. காலேஜ்ல அது தப்புன்னு அடிச்சிட்டாங்க" என்றாள்.

அவள் தோழி ஒருத்திக்கு வேறு பிரச்சினை. விசிரன்டைம்140 டாட் டிஎல்எல் இல்லை என்று வந்திருக்கிறது. யாரோ சொன்னதைக் கேட்டு ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்த ஒற்றைக் கோப்பை இறக்கி சிஸ்டம்32இல் போட்டிருக்கிறாள். கெட்டது கதை. வாசக நண்பர்களின் பேரப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அது தனிக் கோப்பு அல்ல, விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பின் உறுப்பு. மைக்ரோசாஃப்ட் அதை இலவசமாகவே தருகிறது. அங்கிருந்து முழுத் தொகுப்பாகத்தான் வாங்க வேண்டும். தெருவில் போகிறவர் கொடுக்கும் ஒற்றைத் தாளைக் கோப்பில் செருகினால், அது 32 பிட்டா 64 பிட்டா, உள்ளே விஷம் இருக்கிறதா, யாருக்குத் தெரியும்?

பைத்தானிலும் இதே கூத்து. நிறுவும்போது முதல் திரையின் அடியில் 'பாத்'தில் சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். அது தானாக டிக் ஆகாது. தவறவிட்டால், நிறுவிய பைத்தானையே விண்டோஸ் தெரியாது என்கிறது. பிறகு சரி செய்தாலும், திறந்திருக்கும் பழைய கறுப்பு ஜன்னலுக்கு அது தெரியாது, மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். நோட்பேடில் சேமித்தால் பெயருக்குப் பின்னால் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அந்த வாலை மறைத்தும் வைக்கும். ஹலோ டாட் சி என்று நாம் தேடுவோம், அங்கே இருப்பது ஹலோ டாட் சி டாட் டிஎக்ஸ்டி. இதெல்லாம் அரை மணி நேரப் பாடம். எந்தப் பாடத்திட்டத்திலும் இதற்கு ஒரு மதிப்பெண் இல்லை.

இதைப் பேசியபோது, மென்பொருள் துறையில் இருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் சிரித்தான். "நாங்கள் எல்லாம் இரவு முழுக்க முட்டி மோதித்தான் மாமா கற்றோம். அதுதான் படிப்பு." இருக்கலாம். அவன் முட்டிய சுவர் அவன் வீட்டுச் சுவர். தனி அறை, தனிக் கணினி, இணையம், கேட்க ஓர் அண்ணன். இரவல் மடிக்கணினியில், மாலை ரயிலில் வந்து சமையலுக்குக் கை கொடுத்துவிட்டு உட்காரும் பெண்ணுக்கு எத்தனை இரவு இருக்கிறது? இப்போது எல்லாம் பிரவுசரிலேயே நிரல் ஓட்டலாமே, நிறுவவே வேண்டாமே என்றும் சொன்னான். முதல் மாதத்துக்கு நல்ல யோசனைதான், அவளுக்கும் சொல்லிவிட்டேன். ஆனால் நாளை வேலைக்குப் போகும் இடத்தில் முதல் நாளே ஒரு கணினியைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் நிறுவிக்கொள் என்பார்கள் என்று சொன்னதும் அதே பையன்தான்.

பெண்ணுக்கு அரைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். எந்தக் கோப்பு, அதன் சரியான பெயர் என்ன, இப்போது எங்கே இருக்கிறது, இயந்திரம் எங்கே தேடுகிறது. டிர் கட்டளையோடு கோப்பின் பெயரையும் ஸ்லாஷ் எஸ்ஸையும் சேர்த்தால் உள் அறைகள் வரை தேடும் என்று அவளே கண்டுபிடித்து அடியில் எழுதிக்கொண்டாள். புதன்கிழமை அந்தத் தாளை வைத்து வகுப்பில் மூன்று பேர் கணினியைச் சரி செய்திருக்கிறாள்.

வாத்தியாரிடமும் காட்டினாளாம். திட்டவில்லை. நல்ல மனிதர்தான் போலிருக்கிறது, ஒரு ஆய்வகம் முழுவதையும் தனியாக மேய்க்கிறார். ஆனால் ரெக்கார்டு நோட்டில் மட்டும் ஐஓஸ்ட்ரீம் டாட் எச் என்று பழையபடியே எழுதச் சொல்லிவிட்டார், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அதைத்தான் எதிர்பார்ப்பாராம். இப்போது அவள் நோட்டில் ஓடாத நிரலையும், மடிக்கணினியில் ஓடும் நிரலையும் இரண்டாக எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாள். செய்முறைத் தேர்வு அடுத்த மாதம்.